கோயில் இல்லாத கோயிற்பற்று

வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டின் யன்னலைத் திறந்தால் புகையிரதப் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். எம் அன்னையார் மாலை வேளைகளில் அந்த யன்னலண்டை அமர்வது வழக்கம். வீட்டுக்கு வருவோர் எவரேனும், “நல்ல கடற்காற்று, அம்மா” என்று சொல்லிவிட்டால் போதும், “இது மேற்குக் கடல், பிள்ளை. எங்கட கடல் வடக்குக் கடல்” என்று திருத்திவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவார்.

எங்கள் கடல் மயிலிட்டிக் கடல். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டபோது எமக்கு வயது பத்து. அன்னையார் கையில் எடுத்துக் கொண்டது ஒரு தகரப் பெட்டி. அதனுள் இருந்தவை எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும், இரண்டு புகைப்படங்களும், அவருடைய சீதன உறுதியும். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கொண்டது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில், மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. பின்னர் வேறு சில நிலங்களும் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. எங்கள் காணியும் அவ்வாறு விடுபட்டவற்றுள் ஒன்று. ஒரு சிறு வீடாயினும் அங்கே கட்டி, கண்மூடுமுன் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை முழுகிவிட வேண்டும் என்பது அன்னையாரின் ஒரே ஆசை. கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் வீடு எழும்பாது என்பதை வாசகர்கள் அறிவார்கள். எனவே கடன் கேட்டு, கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தின் படி ஏறினோம்.

அங்கேதான் இக்கதை தொடங்கிற்று.

உறுதியை வாங்கிப் படித்த எழுதுவினைஞர் இளைஞர், நல்ல பண்புடையவர். முதல் பக்கத்திலேயே அவர் விரல் நின்றுவிட்டது. அவர் காட்டிய வரி இது: வடமாகாணம், யாழ்ப்பாண மாவட்டம், வலிகாமம் வடக்குப் பிரிவு, மயிலிட்டிக் கோயிற்பற்று, மயிலிட்டி தெற்கு என்னும் இடத்திலுள்ள ‘பூவரசடி’ என்னும் காணி, பரப்பு ஆறு, குழி ஒன்பது.

“சேர், இது கோயிலுக்குச் சொந்தமான காணி போலிருக்கிறதே? அப்படியென்றால் தருமகர்த்தாவின் கடிதம் வேண்டும்” என்றார் அவர்.

கோயிற் காணி அன்று, சீதனக் காணி என்று சொன்னோம். “பிறகு ஏன் கோயில் என்று எழுதியிருக்கிறது? எந்தக் கோயில்?” என்றார். இருபது ஆண்டுகளாக மாணவருக்குப் பாடஞ் சொல்லி வரும் எமக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பிற் படிக்கும் எம் மகள் உடன் வந்திருந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளும் அதையே கேட்டாள். “அப்பா, உண்மையாகவே எந்தக் கோயில்?”

அன்னையாரைக் கேட்டால், “உறுதியில் அப்படித்தான் எழுதுகிறது” என்பதோடு முடித்துவிட்டார். ஆகவே அடுத்த சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு முதியவரைத் தேடிச் சென்றோம். எம் தந்தையாரின் நண்பர். ஐம்பது ஆண்டுகள் நொத்தாரிசாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே கொழும்பு முழுவதும் கிடக்கிறது. காலிமுகத்திடலையும் கோட்டையையும் கடந்து, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களைத் தாண்டிச் சென்றால், மேட்டின்மேல் கனத்த சுவர்களோடு நிற்கிறது வொல்வென்டால் தேவாலயம். 1749இல் ஒல்லாந்தர் அடிக்கல் நாட்டி, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கட்டடம் அது. எத்தனையோ முறை அவ்வழியே போயிருக்கிறோம். அன்று அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாம் தேடிப் போன விடை அதன் வாசற்படியில் இருந்தது என்பது அப்போது தெரியாது.

பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் சமீபத்தில், ஒரு பழைய வீட்டின் விறாந்தையில் ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தார். நடந்ததைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

“தம்பி, வாற வழியிலே ஒல்லாந்தருடைய கோயிலைப் பார்த்தீரோ? அதுக்கு ஒரு தமையன் மயிலிட்டியிலே இருந்தது. அதுதான் உம்முடைய உறுதியிலே இருக்கிற கோயில்!”

அவர் சொல்லியதையும், பின்னர் நாம் நூல்களிற் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின், பிரான்சிஸ்கன் துறவியரும் இயேசு சபையினரும் நாட்டைப் பங்குகளாக வகுத்துக் கொண்டு, பங்குக்கு ஒரு தேவாலயம் எழுப்பினார்கள். ஒவ்வொரு தேவாலயத்தையும் சூழ்ந்த ஊர்கள் ஒரு பற்று ஆயின. அக்காலத் தமிழர் கிறித்தவ ஆலயத்தையும் கோயில் என்றே வழங்கினர் ஆதலால், அது கோயிற்பற்று என்று பெயர் பெற்றது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். கத்தோலிக்கரை அகற்றிவிட்டு அக் கட்டடங்களைத் தம் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாக்கினர். பற்றுகளை மட்டும் மாற்றவில்லை. அவர்களோடு வந்த பல்தேயுஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட பெரிய நூலில், யாழ்ப்பாணத்தை வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி என நான்கு மாகாணங்களாகப் பிரித்து, கோயில்களை ஒவ்வொன்றாகக் கூறுகிறார். வலிகாமத்தில் 14: தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர். தென்மராட்சியில் நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள் என 5. வடமராட்சியில் உடுப்பிட்டி, கட்டைவேலி, பருத்தித்துறை என 3. பச்சிலைப்பள்ளிக்கும் தீவுகளுக்கும் வேறு.

இப்பட்டியலைப் படித்த மகள், “நல்லூரும் வண்ணார்பண்ணையுமா?” என்று வியந்தாள். வியப்புக்குரியதே. கந்தசுவாமி கோயிலாற் பெயர் பெற்ற நல்லூரும், நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய வண்ணார்பண்ணையும், ஒரு காலத்தில் கிறித்தவப் பங்குகளாகவே கணக்கெழுதப்பட்டன.

ஆயினும், கோயிற்பற்று என்பது வெறும் வழிபாட்டுப் பிரிவாக இருந்திருந்தால், ஒல்லாந்தர் போனபோது அதுவும் போயிருக்கும். அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. பாதிரிமார் மிகச் சிலர். ஆகையால் பற்றின் அன்றாட அலுவல்கள் பள்ளிக்கூட வாத்தியாரின் தலையில் விழுந்தன. கோயிலோடு ஒட்டிய பள்ளியில் அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்; ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிந்தார். தோம்பில் ஏறாத விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசொத்துக் கிடைப்பது அரிதாயிற்று. எனவே நெஞ்சிற் சிவனை வைத்திருந்தவர்களும் பெயரைக் கோயிற் தோம்பிற் பதிவித்தனர். விரதச் சாப்பாட்டு இலையை வெளியே எறியாமல் கூரை இறப்பிற் செருகி ஒளித்தார்கள் என்று எங்கள் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதனிலும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அதைச் சொல்லும்போது நொத்தாரிசு ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு தமிழ் முதலிமார் அதனைப் பார்த்துச் சரியென்றனர். அதுவே தேசவழமைச் சட்டம். காணி விற்க விரும்பும் ஒருவன், தான் சேர்ந்த கோயிலில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதனை அறிவித்த பின்னரே விற்கலாம் என்பது அதிலே கூறப்பட்டுள்ளது. பங்காளிகளும், அயற் காணிக்காரரும், ஈடு பிடித்தவர்களும் அதற்குள் வந்து, “எனக்கே முதலில் தரவேண்டும்” என்று கேட்கலாம். அந்நியன் ஒருவன் ஊருக்குள் அறியாமல் நுழைய முடியாது. ஏழை ஒருவன் காணியை மறைவில் எழுதி வாங்கவும் முடியாது.

“இப்ப விளங்குதோ, தம்பி? ஒரு காணி எந்தக் கோயிற்பற்று என்று எழுதினால், அந்த விற்பனையை எந்தச் சனத்தின் காதிலே போட்டது என்று அர்த்தம். கோயில் கட்டடம் இல்லை, காது!” என்றார் ஐயா.

அந்த முதலுரிமை 1947இல் தனிக் கட்டளைச் சட்டமாகவும் ஆக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் எப்போதோ மறைந்து போயிற்று.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தரின் கோயில்கள் ஆளின்றிப் பாழடைந்தன. அவற்றுட் சிலவற்றை 1816ஆம் ஆண்டு முதல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பெற்றுக் கொண்டனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று அவர்களுடைய பள்ளிகள் எழுந்த இடங்களைப் பல்தேயுஸின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு ஓர் உண்மை புலப்படும். சங்கானைக் கோயிலோ, கூரையிழந்த முருகைக்கற் சுவராக நிற்கிறது.

கோயில் பாழானாலும் பற்றுக்கு ஓர் உடையார் இருந்தார். உடையார்களுக்கு மேலே மணியகாரர், கீழே விதானையார். குடை பிடிக்க ஆளோடு மணியகாரர் வந்த கதைகளைப் பாட்டிமார் சொல்லி நாம் சிரித்ததுண்டு. அக்காலத்தில் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். 1940களின் நடுப்பகுதிக்குள் மணியகாரரின் இடத்துக்குக் காரியாதிகாரி வந்துவிட்டார். 1963இல் விதானையார் பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார். காரியாதிகாரி உதவி அரசாங்க அதிபராகி, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பிரதேச செயலாளரானார். இன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒவ்வொரு கிராமப் பிரிவுக்கும் ‘ஜே’ என்ற எழுத்தோடு ஓர் எண். விண்ணப்பப் படிவங்களில் அந்த எண்ணுக்கு இடமுண்டு, கோயிற்பற்றுக்கு இடமில்லை. காணி உறுதியில் மட்டும் அது குடியிருக்கிறது.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பால்டிக் கடலோரத்து எஸ்தோனியாவில் ‘கிஹெல்கொண்ட்’ எனப்படும் தேவாலயப் பங்குகள் இருந்தன. ஆட்சிப் பிரிவு என்ற நிலையில் அவை 1920களிலேயே முடிந்து போயின. ஆனால் இன்றும் அந்நாட்டுப் பெண்கள் பாட்டுத் திருவிழாவுக்குச் செல்லும்போது தம் முன்னோரின் பங்குக்குரிய கோடுகள் நெய்த பாவாடையையே உடுக்கிறார்கள். பாவாடையின் நிறக் கோட்டைக் கொண்டே இன்ன பங்கினள் என்று சொல்லிவிடுவார்களாம். கொழும்பிலுள்ளோர் அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. வெள்ளவத்தைக்கு அடுத்த தெகிவளையில் ஒரு பழைய உறுதியைப் புரட்டினால், சல்பிட்டிக் கோறளை, பல்லே பத்து என்று எழுதியிருக்கும். தெகிவளையில் வீடு வாங்கும் எம்மவரில் எத்தனை பேர் தாம் ஒரு கோறளைக்குள் குடிபுகுகிறோம் என்று அறிவர்? மட்டக்களப்பாரோ மேலும் கெட்டிக்காரர். மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று என்று பழைய பற்றுகளையே புதிய செயலகங்களுக்கும் பெயராக்கிக் கொண்டனர்.

நிற்க. ஐயா ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தந்தார். “இதைக் கொடுக்க முதல் ஒருக்கால் காணியைப் பார்த்துவிட்டு வாரும். அளவையாளர் வரும்போது எல்லை காட்ட வேணுமல்லவா?” என்றும் சொன்னார். மார்கழி விடுமுறையில் அன்னையாரையும் மகளையும் அழைத்துக் கொண்டு கோட்டையிற் புகையிரதம் ஏறினோம். 1990இல் நின்றுபோன வண்டி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வரையும், 2015இல் காங்கேசன்துறை வரையும் ஓடத் தொடங்கியது. ஆனையிறவு தாண்டியதும் மகள் பல்தேயுஸின் பட்டியலை எழுதிய கடதாசியை மடியில் விரித்துக் கொண்டாள்.

பளை வந்தது, அது பச்சிலைப்பள்ளி. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது யாழ்ப்பாணத்தை விட்டு அதனோடு சேர்ந்த நிலம். பின்னர் எழுதுமட்டுவாள், அவள் ஒரு கோடு கீறினாள். சாவகச்சேரி, மற்றொரு கோடு. நாவற்குழி, மூன்றாவது. யாழ்ப்பாணம் தாண்டி மல்லாகம், தெல்லிப்பழை. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு பாதிரியார் எழுதி வைத்த பட்டியல், நிலையப் பலகைகளில் மூன்று மொழிகளில் நின்றது. அன்னையார் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கைப்பையில் உறுதி இருக்கிறதா என்று மட்டும் பலமுறை தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

மயிலிட்டி தெற்கில் இறங்கி நின்றபோது, எமக்குக் கால் நகரவில்லை. வேலி இல்லை; ஒழுங்கை இல்லை; வீடு இருந்த இடமும் தெரியவில்லை. எருக்கும் நாயுருவியும் தோளளவுக்கு வளர்ந்திருந்தன. செம்மண் மட்டும் செம்மண்ணாகவே இருந்தது. பத்து வயதுவரை ஓடித் திரிந்த நிலத்தில், எது எம்முடையது என்று காட்ட எம்மால் முடியவில்லை. கைத்தொலைபேசியில் வரைபடத்தை விரித்த மகள், “இங்கே பச்சையாக மட்டும்தான் இருக்கிறது, அப்பா” என்றாள்.

சற்றுத் தூரத்தில் ஒரு முதியவர் கத்தியோடு பற்றை வெட்டிக் கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் நிமிர்ந்து, “ஆரைத் தேடுறியள்?” என்றார்.

அன்னையார் விடை சொல்லவில்லை. உறுதியை எடுத்து எம் கையில் தந்து, “உரத்து வாசி” என்றார்.

வாசித்தோம். மயிலிட்டிக் கோயிற்பற்று என்றதும் அவர் தலையசைத்தார். பூவரசடி என்றதும் கத்தியைக் கீழே வைத்தார். எங்கள் நாட்டில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயருண்டு என்பதை இளைய வாசகர் அறியமாட்டார்கள். பிள்ளைக்குப் பெயரிடுவதுபோல் இட்டிருக்கிறார்கள். இதற்கெல்லை, கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பேருக்குரிய காணி என்று படித்தபோது, “நில்லுங்கோ” என்று கையை உயர்த்தினார்.

“அது என்ரை அப்பு.”

அதன் பின் எதுவும் கடினமாக இருக்கவில்லை. ஒழுங்கை அழிந்திருந்தாலும், அது பெரிய தெருவோடு கூடும் இடத்திலிருந்த மதகு புதரினுள் இருந்தது. அங்கிருந்து அவர் காலடி எண்ணிக் கொண்டே நடந்தார். நாம் பின்னால் நடந்தோம். பத்துப் பேர்ச்சு ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று மகளுக்குச் சொல்லிக் கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று பற்றையை விலக்கியபோது, கிணற்றுக் கட்டின் வளைவு வெளிப்பட்டது. உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி நிரவியிருந்தன. வான்பயிர், தான்பயிர், கிணறு யாவும் என்று உறுதியில் எழுதப்பட்டவற்றுள் கண்ணுக்குக் கிடைத்தது அந்த வளைவு ஒன்றுதான்.

அன்னையார் அதன்மேல் அமர்ந்தார். அவரும் முதியவரும் வெகு நேரம் பேசிக் கொண்டிருந்தனர். யார் கனடாவில், யார் இந்தியாவில், யார் இல்லை என்பதெல்லாம் அதில் வந்தது. “எந்த ஞாயிறு வந்தாலும் நான் இங்கை நிற்பன், ஆரும் எல்லை கேட்டு வந்தால் காட்டலாம் எண்டுதான்” என்று அவர் சொன்னது எம் காதில் விழுந்தது.

தை பிறந்து, கொழும்பு அலுவலகத்துக்கு மீண்டும் சென்றோம். அதே இளைஞர். ஐயாவின் கடிதத்தை இருமுறை படித்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், மூன்று ஞாயிற்றுக்கிழமை என்று நாமும் சற்று உற்சாகமாகவே விளக்கினோம். ஆசிரியத் தொழிலின் குற்றம் அது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உறுதியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலே பிறந்தவன், சேர். எங்கள் அப்பா, தாத்தா எல்லாரும் அங்கேதான். விலாசம் என்றால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து இலக்கம். நாலு தலைமுறையாக இருக்கிறோம். காணி உறுதி என்று ஒரு கடதாசியை எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை. அதனால்தான் எனக்கு இதெல்லாம் தெரியவில்லை. குறை நினைக்காதீர்கள்.”

குறை நினைக்க என்ன இருக்கிறது? எமக்குத்தான் அவருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. மகள் அவரையே பார்த்துக் கொண்டு நின்றாள். அவர் முத்திரையை எடுத்து மைதொட்டு, எங்கள் விண்ணப்பத்தில் இரண்டு இடங்களில் குத்தி, காணியின் விபரம் எழுதும் கட்டத்தில், படிவத்தில் அதற்கென இடம் இல்லாதபோதும், மயிலிட்டிக் கோயிற்பற்று என்று தம் கையாலே சிறிய எழுத்தில் எழுதிச் சேர்த்தார்.